முனிலட்சுமியின் மொட்டைக் கம்ப்யூட்டர்

1995-இல் முனிலட்சுமி எங்கள் கம்பெனிக்கு வந்தது பிளாப்பி நகல் எடுக்கத்தான். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறை; ஐந்து பேர். தொழிற்சாலை ஸ்டோர்களுக்குப் புரோகிராம் செய்து கொடுத்தோம். எழுதுவது திருநெல்வேலிக்காரனான நான், சுடலைமுத்து. தலைக்கனம் அப்போது கொஞ்சம் ஜாஸ்தி. அவள் பாகலூர் பக்கம், தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் மகள். அந்த வீட்டின் முதல் டிப்ளமா. ஆறு மாதம் ஒழுங்காகத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம்.

இரண்டாம் வாரமே என்னை மடக்கினாள். என் புரோகிராம் எங்கள் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடும். வாங்கியவர்களிடம் போனால் திறக்கவே திறக்காது.

"இங்க ஓடுதுல்லா? அவங்க மெஷின்லதான் கோளாறு" என்றேன்.

"இங்க கம்பைலர் இருக்குதுண்ணா. அதோட ரன்டைம் ஃபைலும் இருக்குது. அங்க அது ஏது?"

அவள் சொன்னது சரிதான். நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுவது கம்பைலர்; அது எல்லாவற்றையும் புரோகிராமுக்குள்ளேயே வைத்துத் தருவதில்லை. பாதி வேலையைத் தன் ரன்டைம் கோப்புகளிடம் விட்டுவிடும். அவை கூடப் போகாவிட்டால் புரோகிராம் எழுந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் தவிர வேறெதுவும் இல்லாமல் துடைத்து வைத்தாள். அதில் ஓடாத டிஸ்க் எங்கள் படியிறங்காது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எல்லாவற்றையும் அழித்து, திரும்ப விண்டோஸ் ஏற்றுவாள். மொட்டைக் கம்ப்யூட்டர் என்று கேலி செய்தேன். ஆனால் புகார் போன்கள் நின்றே போயின.

ஐந்தாம் மாதம் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போனோம். முதலாளி வெங்கடப்பனும் வந்தார். அங்கே பிடித்துப்போனால் அவர்களுடைய மூன்று யூனிட்டுக்கும் நாங்கள்தான். எங்கள் புரோகிராம் ஏறியது, ஓடியது. பத்தே நிமிடத்தில், அதே கம்ப்யூட்டரில் வேறொருவர் எழுதித் தந்திருந்த சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் புரோகிராம் செத்துவிட்டது. சலான் அடிக்க முடியவில்லை. கேட்டில் லாரிகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் சென்னகிருஷ்ணன் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் திட்டி முடித்தார்.

"வைரஸ்னு சொல்லிடு" என்று வெங்கடப்பன் அவள் காதில் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்லும் பொய் அது.

அவள் கோப்புகளின் தேதியைப் பார்த்தாள். டெஸ்பாட்ச் புரோகிராமின் புதிய ரன்டைம் கோப்பின் மேல், அதே பெயருள்ள எங்கள் பழையது ஏறி உட்கார்ந்திருந்தது. மொட்டைக் கம்ப்யூட்டரில் இது எப்படித் தெரியும்? அதில்தான் அழிக்க ஒன்றுமே இல்லையே. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசுக்கு ஓடி, அதே ஆள் எழுதிய புரோகிராம் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து புதியதை பிளாப்பியில் எடுத்துவந்து போட்டாள். புதிய கோப்பில் பழைய புரோகிராமும் ஓடும் என்பதால் இரண்டுமே ஓடின.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"எங்க டிஸ்க்குதான் சார் உங்க ஃபைலை அழிச்சிடுச்சு. நான் பாத்திருக்கணும், பாக்கல."

எது புதியது என்று பார்க்காமல் கோப்பைக் கொட்டும் இன்ஸ்டால் புரோகிராமை எழுதியவன் நான். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மறுநாள் வெங்கடப்பன் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து சென்னகிருஷ்ணன் போன் செய்தார். "மூணு யூனிட்டும் உங்களுக்குத்தான். ஆனா அந்தப் பொண்ணு வந்து போட்டாத்தான் டிஸ்க்கை உள்ள விடுவேன்."

வெங்கடப்பன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாகலூர் போனார். திங்கட்கிழமை அவள் வந்தாள், நிரந்தர ஊழியராக. நேரே என் மேசைக்கு வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு ஃபைலையும் ஒப்பிட்டு, நம்மது புதுசா இருந்தாத்தான் எழுதணும். இப்பவே போடுங்கண்ணா."

தப்பு என் இன்ஸ்டால் புரோகிராமில்தான் என்று சிப்காட்டிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நான் தட்டினேன். மொத்தம் ஆறு வரி.