பிளாஸ்திரி ஒட்டிய மீட்டர்

படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனால் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் எந்த வண்டியில் பேட்டரி மக்கர் செய்தாலும், "பழனிசெட்டிபட்டிக்குக் கொண்டு போ, அந்த ஆள் காதால கேட்டே சொல்லிருவாக" என்று சொல்ல வைத்தவன் நான். சும்மா வந்த பேர் இல்லை. ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை ஒன்றுகூட இல்லாத காலத்தில் அடுத்தவர் கடையில் பேட்டரி சுமந்தேன். பிறகு சொந்தக் கடை போட்டேன். டிராக்டர், மினி பஸ், மேகமலை எஸ்டேட் ஜீப் எல்லாம் என் கை பட்டு ஓடியவை. ஆசிட் பேட்டரியின் குணம் எனக்கு அத்துப்படி. சரக்குக் குறையக் குறைய இழுவை குறையும், மோட்டார் முனகும். கொஞ்சம் ஆறப்போட்டால் மூச்சு வந்து வீடு வரை உருட்டிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் அது யாரையும் நடுரோட்டில் விட்டதில்லை.

அதனால்தான் என் மருமகள் தன் வண்டிக்கு லித்தியம் பேட்டரி மாட்டலாம் என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். மகனுக்குக் கட்டப்பனையில் ஏலக்காய்க் கடையில் வேலை, வாரம் ஒரு தடவை வருவான். மருமகள் பஞ்சாலை வேலையை விட்டுவிட்டுப் பால் வண்டி ஓட்டுகிறாள். மூன்று சக்கரக் கரண்ட் வண்டி, பின்னால் கேன் அடுக்கத் தொட்டி. விடிந்ததும் மலையடிவாரத் தோட்டங்களைச் சுற்றிப் பாலை வாங்கிக்கொண்டு, டேங்கர் கிளம்புவதற்குள் பால் சொசைட்டியில் சேர்க்க வேண்டும். சொசைட்டிக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. நான் மாட்டிக்கொடுத்த நாலு ஆசிட் பேட்டரியும் இரண்டு கோடை தாங்கின. அப்புறம் அந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. இரண்டு நாள் டேங்கர் போய்விட்டது. இன்னொரு தடவை பிந்தினால் இந்த லைனை டீசல் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொசைட்டி செயலாளர் சொல்லிவிட்டார். மருமகள் அழவில்லை. "லைன் போயிருச்சுன்னா வண்டிய வச்சு நான் என்ன செய்ய மாமா" என்று மட்டும் கேட்டாள்.

சரி, மாட்டித் தொலைப்போம் என்று மதுரையிலிருந்து லித்தியம் பேட்டரி பேக்கை வரவழைத்தேன். பழைய நாலு பேட்டரியையும் வண்டியிலிருந்து இறக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. புதுப் பெட்டியை நான் ஒருத்தனே தூக்கினேன். இந்த வயதில். இதற்குள்ளேயா அத்தனை சரக்கும் இருக்கிறது என்று நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டிஸ்டில் வாட்டர் ஊற்ற மூடி எங்கே என்று நான் தேடுவதை மருமகள் கண்டுபிடித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பழைய பேட்டரிகள் இருந்த குழிக்குள் புதுப் பெட்டி பாதி இடம்கூட அடைக்கவில்லை. இரும்பு ஆங்கிள் வெட்டி வெல்டு வைத்து, லாரி டியூப் ரப்பரை மடித்துச் சொருகி, மேட்டிலும் பள்ளத்திலும் ஆடாமல் உட்கார வைத்தேன். அந்த வேலையை என்னைப் போல் செய்ய இன்னொருவன் பிறக்கவேண்டும். ஆனால் பழைய சார்ஜரையே போட்டிருப்பேன். இதற்கு வேறு சார்ஜர் என்று செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டவள் அவள்தான். பழையதை என் கண்ணில் படாத இடத்தில் ஒளித்தும் வைத்துவிட்டாள்.

முதல் நாள் அந்த மேட்டில் ஏறியதைப் பார்க்க வேண்டும். ஒன்பது கேன் பால். முனகல் இல்லை, தளர்ச்சி இல்லை. கீழே எந்த வேகமோ மேலேயும் அதே வேகம். அன்றைக்கே எனக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பார்க்கிறேன், சார்ஜ் காட்டுகிற மீட்டரின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. புண்ணுக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரி.

"அது பொய் சொல்லுது மாமா. நான் கிலோமீட்டரப் பாத்துக்கிறேன்" என்றாள்.

பழைய ஆசிட் பேட்டரியோடு நான் மாட்டிய மீட்டர். பொய் சொல்கிறதாம்.

அடுத்த வாரம் ஒரு நாள் நானும் கூடப் போனேன். என் வேலைப்பாட்டை நாலு தோட்டக்காரர்களுக்குக் காட்ட வேண்டாமா. கடைசித் தோட்டத்தில் பால் கறந்து முடிய அரை மணி நேரம் ஆகும். மருமகள் அந்த வீட்டுத் தாழ்வாரத்து ப்ளக்கில் சார்ஜரைச் சொருகிவிட்டு, பால் அளக்க மாட்டுக் கொட்டத்துக்குள் போனாள். தினமும் அங்கே அப்படித்தானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் நடுவில் அரையும் குறையுமாக ஏற்றினால் ஆசிட் பேட்டரியின் தகடு கெட்டுப்போகும். இதற்காக எத்தனை டிரைவர்களைக் கடை வாசலில் வைத்து ஏசியிருப்பேன். பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தேன். முள் ஃபுல்லில் நிற்கிறது. நிறைந்த வயிற்றில் சோற்றைத் திணிக்கிறாளே என்று ப்ளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்தேன். பிளாஸ்திரியையும் பழையபடி ஒட்டிவிட்டேன்.

கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவள், "ஏறிருச்சா மாமா?" என்றாள்.

"எல்லாம் ஏறிருச்சு ஆத்தா."

தலையை ஆட்டினாள். சொன்னது நான் ஆயிற்றே.

மேட்டில் பாதி ஏறியிருப்போம். சுவிட்சை அணைத்தால் லைட் போகுமே, அந்த மாதிரி வண்டி நின்றது. ஒரு முனகல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நாற்பது வருஷம் பழகிய பேட்டரி இப்படிச் செய்ததே இல்லை. மருமகள் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிடுங்கியதைச் சொன்னேன்.

ஏசியிருந்தால் தேவலை. லித்தியத்தை நடுவில் எத்தனை தரம் ஏற்றினாலும் கெடாது, அதை நம்பித்தான் சின்ன பேக் போதும் என்று வாங்கினோம் என்றாள். தீருகிற வரைக்கும் அது ஒரே பலத்தில் இழுப்பதால், ஆசிட் பேட்டரிக்கென்று செய்த அந்த மீட்டருக்கு எப்போதும் ஃபுல்லாகத்தான் தெரியும் என்றாள். அவ்வளவுதான். அப்புறம் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, ஒன்பது கேனோடு வண்டியைப் பின்பக்கமாகவே இறக்கி, மேட்டடியில் இருந்த சவரக்கடை வாசலில் நிறுத்தினாள். ஒரு கேன் சாயவில்லை. எத்தனையோ டிரைவர்களைப் பார்த்தவன் சொல்கிறேன், அந்த இறக்கத்தை அப்படி இறக்க என்னால் ஆகாது. கடைக்காரரிடம் கேட்டு ப்ளக்கைச் சொருகிவிட்டு, ஈரச்சாக்கை எடுத்துக் கேன்களின் மேல் போட்டாள்.

"கால் மணி நேரம் போதும். நீங்க மேல போயி டேங்கர நிறுத்துங்க மாமா. என்ன சொல்வீகளோ சொல்லுங்க."

மூச்சு வாங்க ஏறினேன். பால் ஊற்ற வந்தவர்கள் பத்துப் பேர் நின்றார்கள். டேங்கர் டிரைவர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். செயலாளர் என்னைக் கண்டதும், "பழையபடி படுத்திருச்சா? அப்ப டீசல் வண்டிக்காரருக்குச் சொல்லிற வேண்டியதுதான்" என்று செல்போனை எடுத்தார்.

பஞ்சர் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது வண்டியின் தலையில்தான் விழும். வண்டியின் தலையில் விழுந்தால் அவள் தலையில்.

"வண்டி மேல குத்தம் இல்ல, கால் மணி நேரத்துல வந்துரும். அந்தப் பிள்ள சார்ஜ் போட்டுச்சு. நான்தான் கூடாதுன்னு பிடுங்கிட்டேன். எனக்குத்தான் தெரியல" என்றேன்.

கடை போட்ட நாளிலிருந்து ஒரு ஆளிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. என் கடையில் என்ன கெட்டாலும் அது தண்ணீரின் குற்றம், சார்ஜரின் குற்றம், ஓட்டியவன் குற்றம்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது, பேட்டரிக்கே தாய்மாமன் நீங்க. உங்களுக்கா தெரியல?" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். டேங்கர் டிரைவரும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நான் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். அந்த டீ முடிவதற்குள் ஹாரன் கேட்டது. முனகல் இல்லாமல், கொஞ்சமும் தளராமல் மேடேறி வந்து நின்றது வண்டி.

செயலாளர் ஒவ்வொரு கேனாகத் திறந்து முகர்ந்து, பாலைச் சோதித்தார். குறை இல்லை.

"லைன் உனக்குத்தான். இதே மாதிரி வந்துரு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, "ப்ளக்கப் பிடுங்குனது தான்தான்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாரு. உன் மாமனார மட்டும் வீட்ல விட்டுட்டு வா தாயி" என்றார்.

அவள் கேனை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "அவுக வரட்டும்ணே. பொய் சொல்லிருந்தாத்தான் இறக்கி விட்டிருப்பேன்."

எனக்கு வேறு என்ன வேண்டும். அடுத்த கேனை நான் தூக்கினேன்.