பலகையில் ஓர் ஆள் இடம்

தெயோஃபிலோ தலையாட்ட மாட்டார். போதுமா என்றால் "போதும்" என்பார், சரியா என்றால் "சரி" என்பார். வாய் நிறைய உருளைக்கிழங்கு இருந்தாலும் அதை விழுங்கிவிட்டுத்தான் பதில் வரும். கழுத்து மட்டும் அசையாது. "மாமா கழுத்துல கம்பி வச்சுத் தச்சிருக்கா?" என்று சின்ன வயதில் நெலிதா கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

தாயை இழந்த நான்கு வயது நெலிதாவை முதுகில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து லிமாவுக்கு இறங்கி வந்தவர் அவர். மொத்தச் சந்தையில் கைவண்டி தள்ளினார். வெங்காய மூட்டை அவர் தோளில் ஏறியது, அவள் பள்ளிக்கூடம் போனாள். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. இப்போது பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். "உங்களை ஆளாக்கினவங்களை வரைங்க" என்று வருடாவருடம் பிள்ளைகளிடம் காகிதத்தை நீட்டுவாள். அது ரொம்பச் சுலபமான வேலை என்று நினைத்திருந்தாள்.

லிமாவில் நெலிதா கட்டும் வீட்டுக்குக் காங்கிரீட் கூரை போடும் நாள் வந்தது. அவர்கள் மலையூர் வழக்கப்படி, கூரை ஏறும்போது ஞானத்தகப்பன் ஒரு நீளப் பலகையில் படம் எழுதிக் கொண்டுவர வேண்டும். கீழே மாதா, அதற்கு மேல் வீட்டுக்காரர், அதற்கும் மேல் அந்த வீட்டைத் தாங்கினவர்கள். ஒவ்வொருவரும் வாழ்க்கையில் தான் செய்ததைச் செய்தபடி நிற்பார்கள். பலகையில் இல்லாதவர் அந்த வீட்டுக்கு ஆகாதவர்.

"மாமா கைவண்டியோட, பௌலினா அத்தை பானையோட" என்றாள் நெலிதா.

ஞானத்தகப்பன் வெனான்சியோ தூரிகையைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே பலகையிலயா? பௌலினாகிட்ட கேட்டியா?"

"கேக்கணுமா ஞானப்பா? சின்னதுல எனக்குச் சோறு போட்டவங்க."

"கேட்டுட்டு வா."

அதே மலையூரிலிருந்து வந்த பௌலினா பக்கத்து வீட்டில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டும் கத்தி நிற்கவில்லை.

"அவன் இருந்தா நான் வேண்டாம். என்னை எடுத்துடு."

"ஏன் அத்தை?"

"படிச்ச புள்ள, இதுவரைக்கும் யாரும் சொல்லலியா உனக்கு? கலகக்காரங்களைத் தேடிப் பட்டாளம் மலைக்கு வந்தப்போ நம்ம ஊரையே சதுக்கத்துல வரிசையா நிறுத்தினாங்க. ஒருத்தன் தலையில சாக்கை மாட்டி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் யாரைப் பாத்துத் தலையாட்டினானோ அவங்களை லாரியில ஏத்தினாங்க, ஒருத்தரும் திரும்பி வரல. என் வீட்டுக்காரரைப் பாத்து ஆட்டினான். சாக்குக்குக் கீழ செருப்பு தெரிஞ்சுது. உங்க மாமன் செருப்பு."

"மாமாவை அடிச்சிருப்பாங்க…"

"மூணு நாள் அடிச்சாங்க. பத்தொம்பது வயசு. தெரியும். ஆட்டலேன்னா அவன் பொணம். அதையா நான் கேக்கறேன்? இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கான். என் மூஞ்சியப் பாத்து 'நான்தான்'னு ஒரு வார்த்தை. அதுக்குமா விலை?"

தெயோஃபிலோ மணல் சலித்துக்கொண்டிருந்தார். நெலிதா எதிரில் போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டாளா?"

"நிஜமா மாமா?"

"நிஜம்." கழுத்து அப்போதும் அசையவில்லை. "என்னைப் பலகையில போடாத. பௌலினாவைப் போடு."

"என்னைத் தூக்கிட்டு வந்தது யாரு? அதை எப்படி இல்லேன்னு சொல்வேன்? அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க மாமா. அப்புறம் ரெண்டு பேரையும் எழுதச் சொல்றேன்."

"கூரை போடற அன்னிக்குச் சொல்றேன். எல்லாரும் இருப்பாங்கல்ல, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

வெனான்சியோவிடம் இதைச் சொன்னாள். "செஞ்சதைத்தான் எழுதுவேன் மகளே. உன்னைத் தூக்கினதும் செஞ்சதுதான், அதுவும் செஞ்சதுதான். எதை எழுத?" தன்னைச் சுமந்த முதுகையும் அந்தச் சாக்கையும் அவள் மனம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மறுத்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பொய் சொன்னது போல இருந்தது. கடைசியில் பௌலினாவை எழுதி, அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை வெறும் மரமாகவே விட்டார் வெனான்சியோ.

கூரை நாளில் தெரு முழுக்கக் கூடியது. வாளி கைமாறியது, சிச்சா என்ற சோளக்கள் கைமாறியது. மேளத்தோடு பலகை வந்தது. ஊர்க்காரர்கள் கீழிருந்து மேலே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்து, வெற்றிடத்தில் நின்றார்கள்.

"இங்க யாரு, காத்தா?" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். வயதானவர்கள் சிரிக்கவில்லை.

தெயோஃபிலோ மண்வெட்டியைக் கீழே போட்டார். நேராகப் பௌலினாவிடம் போனார். பௌலினா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் உதடு இரண்டு முறை அசைந்தது.

"பௌலினா… கலவைக்குத் தண்ணி பத்தல. உன் தொட்டியில இருந்து ரெண்டு வாளி கிடைக்குமா?"

பௌலினா உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

அடுத்த ஜூனில் நுரையீரல் கெட்டுத் தெயோஃபிலோ இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். "அத்தையைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று நெலிதா தினமும் கேட்டாள். "நாளைக்கு" என்றார் தினமும்.

அடக்கத்துக்குப் பௌலினா வந்தாள். மண் போடவில்லை. திரும்பும் வழியில் நெலிதாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குன்னு ஏதாவது சொல்லிட்டுப் போனானா?"

"இல்ல அத்தை." பிறகு, "அவருக்குப் பதிலா நான் சொல்றேன்" என்றாள் நெலிதா.

"நீ ஏன் சொல்லணும்? நீயா தலையாட்டின? அவன் வாயில இருந்து வரவேண்டியது அது" என்று சொல்லிவிட்டு, பௌலினா மேட்டில் ஏறிப் போனாள்.