மஞ்சள் பட்டையும் அக்காவின் விமானமும்

காலையில் தேநீரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு முதலில் கிடைப்பது ஊர்ச் செய்தி அல்ல, ஒரு மஞ்சள் பட்டை. செய்திப் பக்கத்தைத் திறந்து நாலு வரி வாசிப்பதற்குள் மேலே அது வந்து படுத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் தானாகவே தன்னை மறுபடி ஏற்றிக்கொள்ளப் பார்த்தது, நான் தடுத்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும். வலப்பக்கம் 'அலவ்' என்று ஒரு பொத்தான், அதற்கும் அப்பால் பட்டையை மூடிவிட ஒரு பெருக்கல் குறி. நான் இலங்கையிலிருந்து அகதியாக இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பிறரிடம் அனுமதி கேட்டே பழகியவன். வீடு வாடகைக்கு எடுக்க, காவல் நிலையத்தில் பதிவைப் புதுப்பிக்க, பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வர, எல்லாவற்றுக்கும். என்னிடம் ஒன்று வந்து அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்பது யார், எதற்காகக் கேட்கிறது என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு நாளும் பெருக்கல் குறியையே அமத்தினேன்.

ஊரிலும் கனடாவிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு எங்கள் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில், பல்லாவரத்தில் இறங்கி உள்ளே போனால் பம்மல். அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மனைவி வசந்தியும் இருக்கிறோம். மேல்தளத்தில் வீட்டுக்காரர் கபீர் பாய். தாம்பரத்தில் அவருக்கு ஹார்டுவேர் கடை, அங்கேதான் நான் பில் போடுகிறேன். நல்ல மனிதர். ஒரேயொரு குறை, எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார். கடைக் கம்ப்யூட்டரில் எது குதித்து வந்து எதைக் கேட்டாலும் "ஓகே குடு தம்பி, ஓகே குடு" என்பார். நான் இரண்டு தரம் வாசித்துவிட்டும் தயங்குவேன். இந்த ஊரில் இத்தனை பேர் இவ்வளவு நிம்மதியாக ஓகே கொடுத்துக்கொண்டு எப்படி வாழ்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழையது, தாம்பரம் சானடோரியத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் சேகரிடம் வாங்கியது. பட்டையைப் பற்றிச் சொன்னதும் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்த வேகத்திலேயே நோய் இன்னதென்று தீர்மானித்துவிட்டார்.

"வைரஸ் சார். பேஜாரா கீது."

"அது தடுத்துப்போட்டன் எண்டுதானே சொல்லுது தம்பி? வைரஸ் தன்னைத்தானே தடுக்குமோ?"

"இன்னா சார் சொல்றீங்க? புரியல."

எனக்கும்தான் புரியவில்லை. அவர் வைரஸ் தேடும் மென்பொருளை ஓடவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு நரி வால் சுற்றிய படம் போட்ட பிரவுசரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். "இனிமே வராது சார். பக்கம் தன்னால மாறிக்கினே இருக்கும், நீங்க கைய வெக்காதீங்க" என்று உறுதி சொல்லி, வசந்தி கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பட்டை அதே இடத்தில், அதே நிறத்தில் வந்து படுத்திருந்தது. வீட்டை இடித்துக் கட்டிய பிறகும் பழைய குடித்தனக்காரர் அடுப்படியில் நின்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தலை சுற்றியது.

வசந்திக்குத் தலை சுற்றவில்லை. "அது பாவம், எங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தானே செய்யுது" என்றாள். அவள் பட்டைக்குப் பரிந்து பேசியது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதை எங்கள் ஆட்கள் யாரும் வேடிக்கையாக எடுக்கமாட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் ஒலிபெருக்கி எதையாவது சொன்னால் யாரும் தலை திருப்புவதில்லை. வண்டி தாமதம் என்கிறது, பிளாட்பாரம் மாறுகிறது என்கிறது, மக்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்களூரில் சண்டைக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவுக்குள், வந்தால் அடுப்பில் உலை கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும். ஒருமுறை அந்த வாகனம் எங்கள் ஒழுங்கையின் பாதிவரைதான் வந்தது. நாங்கள் முன்பாதியில் இருந்தோம். பின்பாதியில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதில் ஒரு வீடு வசந்தியின் சித்தப்பா வீடு. அதற்குமேல் அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் எழுதப்போவதில்லை.

இந்த நிலையில்தான் அக்கா வருவதாகச் செய்தி வந்தது. என் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்தி. நான் படகேறி வந்தபிறகு அவள் முகத்தை நேரில் பார்த்ததில்லை. எப்படியோ விசா கிடைத்து, கொழும்பிலிருந்து சென்னைக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. ஒரு மாதம் எங்களோடு இருப்பாள். அவள் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அவளுடைய போன் இங்கே வேலை செய்யாது, கைப்பையில் எங்கள் வீட்டு நம்பர் மட்டும்தான் இருக்கும். எங்கள் நாட்டில் ஓர் ஆள், அதுவும் தனி ஆள், கூட்டிப்போக வருபவர் இல்லாமல் ஓர் அரசாங்க வாசலில் நின்றால் என்னவும் நடக்கலாம். இது அந்த நாடு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கிழமையாகச் சரியான நித்திரை இல்லை.

கபீர் பாய்க்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "நாலு மணி நேரம் முன்னாடியே போயிடலாம் தம்பி, நம்ம ஆம்னி இருக்கு. பிரியாணி கட்டிக்கினு போனா அங்கியே சாப்ட்டுடலாம்." இந்த ஊர் வழக்கம் அது. துபாயிலிருந்து ஒருவர் வந்தால் குடும்பம் மொத்தமும் விமான நிலையக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பொலிசும் துப்பாக்கியும் நிற்கிற இடத்தில் வேலையில்லாமல் நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு யாரும் படிப்பிக்காமல் தெரிந்த பாடம். நின்றால் யார் என்று கேட்பார்கள், எந்த ஊர் என்பார்கள், பதிவுத் தாளைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே நானும் வசந்தியும் ஒரு திட்டம் போட்டோம். விமானம் வரும் நேரங்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைப்பது. அது தானாக மாறிக்கொண்டிருக்கும். இறங்கிவிட்டது என்று போட்டதும் கிளம்புவது. பம்மலிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் எவ்வளவு தூரம்? அக்கா பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் போய்விடலாம்.

அக்கா வரும் அன்று காலை, கொழும்பில் அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்ட உறவுக்காரர் போன் செய்து, விமானம் பிந்தும் என்று சொல்கிறார்கள் என்றார். பக்கத்தைத் திறந்தோம். அங்கேயும் 'டிலேய்ட்' என்றுதான் இருந்தது. அவர் சொன்னதும் திரை சொன்னதும் ஒத்துப்போனதில் எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பட்டை வந்தது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ. அந்தப் பெடியன் கை வைக்க வேண்டாம் எண்டு சொன்னவன். பக்கம் போயிட்டுதெண்டால் பிறகு லைன் வர எவ்வளவு நேரமோ" என்று சொல்லி, வசந்தியே பெருக்கல் குறியை மெதுவாக அமத்தினாள். பட்டை போய்விட்டது. அதன்பிறகு வரவேயில்லை. "பாருங்கோ, நிண்டுட்டுது" என்றாள். சேகர் செய்த வைத்தியம் பிந்தியாவது வேலை செய்துவிட்டது என்று நானும் நினைத்தேன். இருவரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு, 'டிலேய்ட்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சோறு சமைத்து மூடி வைத்திருந்தது. பசிக்கவில்லை.

மத்தியானம் ஒரு விமானம் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே மிகவும் பதிந்து, தாழப் பறந்து வந்தது. காற்று ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து அடிக்கும் நாட்களில் அவை இந்த வழியாகத்தான் இறங்கும். பாத்திரங்கள் அதிரும். பாய் வீட்டுப் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். நாங்கள் இத்தனை வருடமாகியும் கதவுநிலைக்குக் கீழே குந்திவிடுவோம். இரண்டு கையும் தலையில். வேண்டுமென்று செய்வதில்லை, முழங்கால் தானாக மடிகிறது. அன்றும் அப்படித்தான் குந்தினோம். சத்தம் போனபிறகு எழும்பி, "அது அக்காவின்ர பிளேனாய் இருக்குமோ?" என்று கேட்டேன். வசந்தி திரையைப் பார்த்தாள். "இல்லை. இன்னும் பிந்துது எண்டுதான் கிடக்கு."

வெகுநேரம் கழித்துக் கபீர் பாய் படியிறங்கி வந்தார்.

"இன்னா தம்பி, இன்னும் கெளம்பலையா?"

"இன்னும் வரேல்லை பாய். பிந்துதாம்."

காலையிலும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்திருந்த அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "காலைல பாத்தப்பவும் இதே தானே தம்பி இருந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே, என்னைக் கேட்காமல், எதையும் வாசிக்காமல், பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். திரை ஒரு கணம் வெளுத்தது. மறுபடி வந்தபோது அக்காவின் விமானத்துக்கு நேரே 'லேண்டட்' என்று இருந்தது. இறங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. வசந்தி "ஐயோ" என்று சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

ஆம்னியில் பல்லாவரம் வரும்வரை பாய் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் மறைமலை நகருக்குப் போகும் லாரிகள் எதிர்ப்பக்கம் அடைத்து நின்றன, எங்கள் பக்கமும் ஊர்ந்துதான் போனது. "பயப்படாதீங்க தம்பி, எங்க போயிடப் போறாங்க?" என்றார். அவருக்கு அது ஆறுதல் சொல். எங்கே போய்விடுவார்கள் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் வேறு. சொன்னால் அவருக்குப் புரியாது, அதனால் தலையை ஆட்டினேன்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நூறு பேர் நின்றார்கள். பாய் முன்னால் போய், பெண்கள் நிற்கும் இடமெல்லாம் எட்டிப் பார்த்து, "காணோமே தம்பி, வெளிச்சத்துல நின்னா தெரிஞ்சிருக்குமே" என்று பதறினார். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அக்கா வெளிச்சத்தில் நிற்கமாட்டாள். குண்டு விழுந்தால் முதலில் சிதறும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கமாட்டாள். கண்ணாடி இல்லாத, முதுகுக்குச் சுவர் உள்ள, எல்லோரையும் பார்க்கக்கூடிய இடம் எது என்று தேடினேன். கடைசித் தூணுக்குப் பின்னால், பெட்டியின் மேல், கால் தரையில் படாமல், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மெலிந்து, தலை நரைத்துப்போயிருந்தாள். "வந்திட்டியே" என்றாள், அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவளை நான் எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தேன் என்று போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் கோபத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். செட்டிங் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். உள்ளே, நான் ஒருநாளும் போகாத ஒரு மூலையில், பக்கங்கள் தானாக மாறவோ மறுபடி ஏறவோ பார்த்தால் எனக்கு எச்சரிக்கை கொடு என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முன்னால் சின்னச் சதுரம், அதில் டிக். வைரஸும் இல்லை, பேயும் இல்லை. விமானப் பக்கத்தைக் காலையிலிருந்து மாறவிடாமல் தடுத்து வைத்திருந்தது இந்த டிக்தான். பிரவுசரை அழித்துப் போட்டாலும் எங்கள் விருப்பங்களை அது எங்கேயோ பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

"இதை ஆர் போட்டது?"

வசந்தி பின்னால் வந்து பார்த்தாள். "நான்தான் போட்டனான். கம்ப்யூட்டர் வந்த அண்டைக்கு. எச்சரிக்கை தரவோ எண்டு கேட்டுது. எச்சரிக்கை எண்டு எங்கெங்க கிடந்துதோ எல்லாத்துக்கும் போட்டனான்."

கபீர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்குப் போயி டிக் அடிப்பாங்களாமா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "சொல்லிப்போட்டுச் செய்யிறன் எண்டு ஒருத்தன் கேட்டால், வேண்டாம் எண்டு சொல்லுறதே?" என்று அவரைத் திருப்பிக் கேட்டாள். பாய் என்னைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. மவுஸ் அம்பை அந்தச் சதுரத்தின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, அமத்தாமல் இருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். மத்தியானச் சோற்றைச் சூடாக்கி வசந்தி பரிமாறினாள். அக்காவுக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்ததாம். கடல் முடிந்து கரை வந்ததாம். வீடுகள் தெரியத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவரிடம் இதுதானோ பம்மல் என்று கேட்டாளாம்.

"ஓம் எண்டு சொன்னார். பிளேன் நல்லாப் பதிஞ்சு வந்துது. நீங்கள் ரெண்டு பேரும் முற்றத்தில நிப்பியள் எண்டு நினைச்சு, நான் கண்ணாடிக்குள்ளால கை காட்டினனான். கண்டனியோ?"

வசந்தியின் கரண்டி அப்படியே நின்றது.

"கண்டனான் அக்கா" என்றேன். "நாங்களும் காட்டினனாங்கள்."

"நான் காணேல்லையடா. அது என்ன வேகமாய்ப் போகுது" என்று அக்கா சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.