ஹொக்கிக்காரருக்கு வந்த அனுதாபங்கள்

என்னுடைய குரலைக் கேட்டால் சனம் பயப்படும். சண்டியன் குரல் என்று நினைக்க வேண்டாம். சனி, ஞாயிறுகளில் நான் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறவன். கிழமை நாட்களில் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறேன். பெட்டிகளுக்கு என் குரலால் ஒரு பாதிப்பும் இல்லை. மனிதர்களுக்குத்தான். ஒருமுறை மனைவியின் தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ரெலிபோன் எடுத்தேன். நான் "ஹலோ" என்றதும் மறுபக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. இருந்துகொண்டு, "சொல்லுங்கோ அத்தான், ஆர் செத்தது?" என்றார்.

எனக்குக் கவலைகள் பல. வேலைக்குப் போகும் வழியில் அடுப்பை நிற்பாட்டினேனா என்று ஒரு கவலை. நிற்பாட்டியிருந்தால் சோறு வெந்திருக்குமா என்று இன்னொரு கவலை. ஆனால் இந்தக் குரல் கவலைதான் பெரிது. சாவுச் செய்தியிலிருந்து எப்படியாவது தப்ப வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வானொலி முதலாளி, எங்கள் பிள்ளைகள் விளையாடும் ஐஸ் ஹொக்கி ஆட்டங்களைத் தமிழில் நேரடியாகச் சொல்ல ஆள் தேடினார். நான் கை தூக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே ஒரு மலர்வளையம் இருந்தது. என்னைவிட வயது குறைந்தவர், மரியாதையாகவே சொன்னார்.

"அண்ணை, முதல் அந்தக்காலத்து ஹொக்கிக்காரர் ஆரையாவது பற்றிக் கொஞ்ச நேரம் கதையுங்கோ. சனத்துக்குச் சிரிப்பு வந்தால் மாட்ச் உங்களுக்கு. அழுகை வந்தால் பழைய வேலைதான்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. வெக்ஸ்போர்ட்டில் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் படம் நிறைந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்தேன். நூறு வருசத்துக்கு முந்திய ஆட்டக்காரர்கள். ஒருவரிடமும் தலைக்கவசம் இல்லை. பல பேரிடம் பல்லும் இல்லை. குளிருக்கு ஹொக்கி, கோடைக்கு வலைக்கம்பால் பந்தெறியும் லக்ரோஸ், இடையில் ஓட்டப்பந்தயம், இதற்குள் ஒரு உத்தியோகமும். இவர்களின் தாய்மார் எப்படி நித்திரை கொண்டார்கள் என்று யோசித்து எனக்கு நித்திரை வரவில்லை.

அதில் ஒருவர் முழங்கால் போன பிறகு வானொலிக்கு வந்தவர். அப்போது வானொலியே புதுசு. ஆட்டம் நடக்கும் இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, கையில் ரெலிபோனைக் கொடுத்து, ஆளை உள்ளே விட்டுச் சாத்தியிருக்கிறார்கள். சனத்தின் சத்தம் உள்ளே வராது. காற்றும் வராது. அவர் பேசப் பேச மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும். சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து, தெரிந்ததைப் பார்த்தும் தெரியாததை ஊகித்தும் சொல்லியிருக்கிறார் மனிதர். என்னைப் போல ஒரு ஆள் என்று தோன்றியது. இவரையே பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, நூறு வருசத்துக்கு முந்திய கதை என்று தெளிவாகச் சொல்லித்தான் தொடங்கினேன். ஆனால் மைக்கைக் கண்டதும் பழக்கம் விடவில்லை. வாய் பழகின பாதைக்குத் திரும்பிவிட்டது. "ஒன்ராறியோவைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட, முன்னாள் ஹொக்கி வீரரும் அறிவிப்பாளருமான…" நிற்பாட்ட முடியவில்லை. "அன்னார்" என்றும் வந்துவிட்டது. அன்னார் என்று வந்த பிறகு ஒரு மனிதரை உயிரோடு வைத்திருக்க முடியாது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒரு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர், வென்றது யார் என்று சொல்லுமுன் அந்த இடத்திலேயே காலமானார்.

எங்கள் வீடுகளில் வானொலி சும்மா ஓடிக்கொண்டிருக்கும். முன்னுரையை ஒருவரும் கேட்பதில்லை. 'பிறப்பிடமாகவும்' என்றால்தான் அடுப்படிக் குழாயைப் பூட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். வெள்ளைக்காரப் பெயரைக் கேட்டாவது விளங்கியிருக்க வேண்டாமா என்பீர்கள். அது ஒரு புனிதரின் பெயர், எங்கள் கத்தோலிக்கர்களிடம் அந்தப் பெயர் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் ரெலிபோனில் வந்தது ஒரு மன்னார் அன்ரி.

"தம்பி, உவர் எங்கட வள்ளக்காரச் சம்மாட்டியாற்ற தமையனே?"

இல்லை அன்ரி, இவர் வெள்ளைக்காரர் என்றேன்.

"ஓம், ஆள் நல்ல வெள்ளைதான். எங்க உடம்பைப் பார்வைக்கு வைக்கினம்?"

"அன்ரி, அவர் செத்து எவ்வளவோ காலம்."

"பிறகேன் இவ்வளவு நாளும் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று அழத் தொடங்கினார்.

அடுத்தவர் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்காரர். காலமானவர் தங்கள் கல்லூரியில் படித்தவர்தான், விடுதியில் பக்கத்துக் கட்டில் என்று சொல்லி இரங்கலுரைக்கு நேரம் கேட்டார். மறுநாள் தமிழ்ப் பூசையில் ஹொக்கிக்காரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடியும் விட்டார்கள். அவர் எந்தச் சபையோ, கோபிப்பாரோ என்று எனக்குப் புதுக் கவலை ஒன்று வந்தது.

முதலாளி கூப்பிட முந்தி நானே போனேன். சனம் அழுதுவிட்டது, பழைய வேலையோடு நிற்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, அந்த மன்னார் அன்ரி இப்பவும் விடாமல் எடுக்கிறா. அவர் சொன்ன அந்த மாட்சில கடைசியில ஆர் வெண்டது எண்டு கேக்கிறா. நீங்கள் சொல்லாமல் ஆளைச் சாக்கொண்டிட்டியளாம்."

அது உண்மைதான்.

"இந்த றேடியோவில இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஹொக்கி பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. மாட்சை நீங்களே சொல்லுங்கோ. ஆனால் ஒண்டு, முடியுமட்டும் ஆரையும் சாக விடாதேங்கோ."

அடுத்த சனிக்கிழமை ஐஸ் அரங்கில் பார்வையாளர் வாங்கில் ஏறி, வானொலிக்கு இணைத்த செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சுவரோடு சாத்தினார்கள். விழுந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் "ஐயோ, எழும்பு மோனை" என்று நேயர்களுக்குக் கேட்கவே சொன்னேன். பிறகு எங்கள் பொடியன் ஒருவன் பக் என்கிற கறுப்பு வட்டைத் தள்ளிக்கொண்டு தனியே போனான். கோல். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனின் கோப்பி கொட்டியது. அப்படியொரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

ஒரு நேயர் லைனில் நிற்கிறார் என்று முதலாளி இணைத்துவிட்டார். ட்ரக் ஓடுகிறவர். இன்னொரு சாவு விசாரணைதான் என்று நினைத்தேன்.

"அண்ணை, எத்தினைக்கு எத்தினை?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதில்தான் தெரியவில்லை. விழுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கோல் கணக்கை விட்டிருந்தேன். கொஞ்சம் பொறுங்கோ என்று அவரிடம் சொல்லிவிட்டு, கோப்பி கொட்டிய தகப்பனிடம் மெல்லக் கேட்டேன்.