மண் தின்ற சீருடை

என் மகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளிச் சீருடையைக் காட்டித்தான் அந்தப் பூங்காவில் கல் பதித்தார்கள். அதை வெட்டிக் கொடுத்தவள் நான். 

கண்டி நகருக்குள், பஸ் தரிப்பிடத்தை ஒட்டிய சின்னப் பூங்கா அது. ஒரு பெரிய வாகை மரம், சுற்றி ஒரு துண்டுப் புல்வெளி. மரத்தடிவரை கல் பதித்து அழகுபடுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அம்பிட்டியவில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என்னோடு படித்த சிநேகிதி அந்த அழகுபடுத்தும் குழுவில் இருந்தாள். மண்ணுக்குள் உயிர் இருப்பதை அவர்களுக்குக் காட்டுவோம் என்றேன். அவளும் உற்சாகமாகத் தலையாட்டினாள்.

பருத்தித் துணியைப் புதைத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உயிர் குறைந்த மண்ணில் துணி அப்படியே கிடக்கும். சீருடையைச் சதுரங்களாக வெட்டி, மரத்தடியிலும் தரிப்பிடத்து ஓரத்திலும் இருவருமாகப் புதைத்தோம். மழைக்காலம் முடிந்து தோண்டினோம். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் மிதித்து இறுகிய, கட்டட இடிபாடு கலந்த ஓரத்தில் துணி அழுக்கானதோடு சரி. சருகு மூடிய மரத்தடியில் துணியையே காணோம். விளிம்பு தைத்த பொலியெஸ்டர் நூல் மட்டும் வேர்களுக்கிடையில் சுருண்டு கிடந்தது. சருகைக் கூட்டாமல் விட்டு நாலு செடி வைத்தால் அந்த ஓரமும் திருந்தும் என்று குழுக் கூட்டத்தில் அவளைச் சொல்லச் சொன்னேன்.

கூட்டம் சிங்களத்தில் நடக்கும். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். பேசப் போனால் நாக்குத் தடுக்கும். அவளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. அதனால் ஓரத்துத் துணியையும் மரத்தடி நூலையும் தனித்தனியாகப் போட்ட இரண்டு பைகளையும் அவளிடமே கொடுத்துவிட்டு, பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன்.

அவள் ஒரு பையைத்தான் திறந்தாள். முழுசாக இருந்த துணியைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பூங்கா மண் எப்போதோ செத்துவிட்டது, கல் பதித்தால் கெட்டுப்போக இனி எதுவுமில்லை என்றாள். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. பதறி எழுந்தேன். 'மற்றப் பை' என்பதற்கு மேல் எனக்குச் சிங்களம் வரவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே படிக்கட்டில் அவளை மறித்தேன். அவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்களாம். எதிர்த்துப் பேசினால் தன்னை இனிக் குழுவுக்குக் கூப்பிடமாட்டார்களாம். அதைக்கூட விழுங்கியிருப்பேன். மரத்தடிப் பையை ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"அதுல காட்ட என்னடி இருந்துச்சு?" என்றாள். "துணியே இல்லையே."

பையை என் கையில் திணித்துவிட்டு, கம்பளை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மரத்தடியில் முதலில் தோண்டியவள் அவள்தான். அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு, "இங்க வந்து பாருடி, ஒண்ணுமே மிச்சமில்ல" என்று சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டவளும் அவள்தான்.