வாஷிங் மெஷினுக்கு அஸ்திவாரம்

கோயமுத்தூரில் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஒரு வியாதி உண்டு. சுற்றுகிற பொருள் எதைப் பார்த்தாலும் அதன் உள்விவகாரம் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். நான் பம்பு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஸ்பேனருக்கும் எனக்கும் உள்ள உறவு, ஸ்பேனர் வாங்கிய பில்லை ஃபைலில் கோர்ப்பதோடு சரி. ஆனால் வியாதி வேலையைப் பார்த்தா வருகிறது?

எங்கள் துடியலூர் வீட்டில் இருந்த பழைய வாஷிங் மெஷின் ரெட்டைத் தொட்டி. ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். நடுவில் ஈரத்துணியை அள்ளிப் போடுவது மனைவியின் வேலை. செமி ஆட்டோமேட்டிக் என்றால் பாதி மெஷின், மீதி மனைவி என்று அர்த்தம். சக்கரம் போனதும் செங்கல் வைத்தேன். டைமர் குமிழ் போனதும் குறடு மாட்டித் திருப்பச் சொன்னேன். மூடி நிற்காமல் போனதும், பிழிந்து முடிகிறவரை கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இதற்கெல்லாம் பெயர் ரிப்பேர். செய்ததெல்லாம் நான். பிடித்துக்கொண்டு நின்றது அவள்.

கடைசியில் ரிப்பேரானது அவளுடைய வலது தோள். ஈரத்துணியைத் தூக்கக்கூடாது, பிழியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நான், "பெல்ட்டு ஒண்ணு மாத்திட்டா இன்னும் ரெண்டு வருசம் ஓடுமே" என்றேன். மறுநாள் அவள் தனியாகப் போய், முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த புது மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

அது வந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஈரோட்டில் தங்கை மகளின் வளைகாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கள் புதியதை இறக்கிவிட்டு, அதே டெம்போவில் பழையதை ஏற்றினார்கள். மோட்டாரை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு மாட்டற ஆள் வருவாங்க. அதுவரைக்கும் நீங்க கை வெக்காதீங்க."

"நான் எதுக்குங் கண்ணு கை வெக்கறேன்?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

பஸ் ஏற்றிவிட்டு வந்து கைவைத்தேன்.

முதலில் பக்தியோடுதான். சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து, கற்பூரம் காட்டினேன். பிறகு பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரிய போல்ட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அருகில் சிவப்பு ஸ்டிக்கர், அதில் ஸ்பேனர் படம். விரலால் தொட்டேன். ஒரு போல்ட் லேசாக ஆடியது.

புது மெஷினில் ஆடுகிற போல்ட்டா? இந்த ஊரில் ஆடுகிற போல்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவன் மனிதனில்லை. வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். கம்பெனிக்காரன் விட்டதை நான் சரிசெய்துவிட்ட பெருமையில் டீ போட்டுக் குடித்தேன். குழாயை மாட்டி, துணி இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு ஓட்டம் விட்டேன்.

துவைக்கிறவரை மரியாதையாகத்தான் இருந்தது. பிழியும் கட்டம் வந்ததும் அதற்குச் சாமி வந்துவிட்டது. தடதடவென்று அதிர்ந்து, குதித்து, கிளம்பியது. போகிற வழியில் எலுமிச்சம்பழத்தைத் தானே நசுக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. கட்டிப்பிடித்தேன். என்னையும் சேர்த்து ஆட்டியது. மேலே ஏறி உட்கார்ந்தேன். என் தொப்பை முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவும் என்று நம்பினேன். பற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில், போன தூரத்துக்கு வயர் எட்டாமல் பிளக் பிடுங்கிக்கொண்டதால் நின்றது. நான் நிறுத்தியதாக இன்றுவரை சொல்லிவருகிறேன்.

இறங்கிய பிறகுதான் உறைத்தது. பழையது டெம்போவில் போய்விட்டது. புதியதும் போய்விட்டால், அவள் தோள் திரும்பவும் துவைக்கிற கல்லுக்குத்தான் போகவேண்டும். கடைக்காரன் முதலில் கேட்கப்போவது, "யாராச்சும் கை வெச்சீங்களா?" என்பதாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். அவரிடம் ஓடினேன். வந்தார், மெஷினைச் சுற்றி நடந்தார், தட்டிப் பார்த்தார்.

"தம்பி, கோளாறு மெசின்ல இல்ல. தரையில."

"எப்படிங்ண்ணா?"

"என்ற பட்டறைல ஒரு மெசினாவது சும்மா நிக்குதா? எல்லாத்துக்கும் பவுண்டேசன் போல்ட்டு. இத்தன வேகத்துல சுத்தறதை வெறுந்தரைல வெச்சா அது ஊட்ட உட்டுப் போகாம என்ன பண்ணும்?"

எனக்குக் கண் திறந்தது. ஒரு முட்டாளுக்கு இன்னொரு முட்டாள் சொல்வது உடனே புரிந்துவிடும், அதுதான் அதில் உள்ள வசதி. பின்போல்ட்டுகளை அண்ணனும் ஒருமுறை முறுக்கிப் பார்த்து, "நல்லா டைட்டா வெச்சிருக்கே" என்று பாராட்டினார். பிறகு டிரில்லிங் மெஷின் எடுத்துவந்தார். சாக்பீஸால் தரையில் குறி போட்டோம். அது மனைவி கடை கடையாக அலைந்து தேர்ந்தெடுத்த டைல்ஸ். அண்ணன் பிட்டை மாட்டி, மண்டிபோட்டு, முனையைக் குறியில் வைத்தபோது வாசலில் வளையல் சத்தம் கேட்டது.

இரண்டு கை நிறைய கண்ணாடி வளையலும், இடது தோளில் கட்டுச்சோற்றுப் பையுமாக, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவந்த அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள போர் போடறீங்களா?"

"இல்லீங் அம்மணி, பவுண்டேசன்" என்றார் அண்ணன், எழுந்திருக்காமல்.

அவள் மெஷின் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். நசுங்கிய எலுமிச்சையைப் பார்த்தாள். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். பின்பக்கம் குனிந்து படித்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தச் செவப்பு ஸ்டிக்கர்ல என்னங்க போட்டிருக்குது?"

"ஸ்பேனர் படம்."

"படத்துக்குக் கீழ?"

"கீழ படிக்கலீங்."

"ஓட்டறதுக்கு முன்னால போல்ட்டைக் கழட்டிப்போடுங்கன்னு போட்டிருக்குது. லாரில வரும்போது உள்ள இருக்கற டிரம்மு ஆடாம இருக்கப் போட்ட போல்ட்டாமா."

ஸ்பேனர் படம் என்றால் முறுக்கு என்றுதானே அர்த்தம் என்று நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் டிரில்லிங் மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "பட்டறைல ஆள் நிக்குது அம்மணி, வாரேனுங்க" என்றார். அன்று அவர் பட்டறைக்கு விடுமுறை.

நான் முறுக்கிய முறுக்குக்கு, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு போல்ட்டும் கீச்சிட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் வந்ததும், மெஷினைத் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தி, பிளக்கை மாட்டினேன். ஸ்விட்சை அவளே போட்டாள். கட்டில் போர்வையை உள்ளே போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

நானும் பக்கத்தில் போனேன்.

"அக்கட்டால உக்காருங்க. மறைக்குது."

தண்ணீர் ஏறியது. போர்வை புரண்டது. பிழியும் கட்டம் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன், பாய்ந்து பிடிக்கிற தயாரிப்பில். அது நின்ற இடத்திலேயே நின்று, தூங்குகிற பூனை மாதிரி உறுமியது. அவள் கை மடியிலேயே கிடந்தது. மூடியைப் பிடிக்கவேண்டியதில்லை என்பது கைக்கு இன்னும் தெரியாததால், விரல்கள் மட்டும் எதையோ அழுத்திக்கொண்டிருந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நின்றதும் கதவைத் திறந்து, இடது கையால் போர்வையின் முனையைப் பிடித்து இழுத்தாள். நான் ஓடிப்போய்க் கைகொடுக்கப் பார்த்தேன்.

"உடுங்க" என்றாள். "அதா, வருது."