இரண்டாம் ஓலைக்கு முன்

மகளுக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. என் அப்பாவின் அக்கா சொன்னாள், என் காதோடு.

"ஏலே, பையன் எந்த வீடுன்னு விசாரிச்சியா? அவன் அப்பனோட பூட்டனும் ஒன் பூட்டனும் அண்ணன் தம்பிடா. எங்க தாத்தா, அதான் ஒன் பூட்டன், குழியில மொதப் பிடி மண்ணு போட்டதே அந்த மனுசன்தான். நான் பாத்தேன். பிள்ளைக ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறை."

மாமன் மச்சான் வழி என்றால் மேளம் கொட்டலாம். பங்காளி வழி என்றால் நாலு தலைமுறை தாண்டினாலும் ஒரே ரத்தம்தான். கோயில் சட்டம் விட்டாலும் எங்கள் ஆட்கள் விட மாட்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பையன் வீட்டார் தாண்டிக்குடிக்காரர்கள், எங்கள் வீட்டுச் சாவு ஒவ்வொன்றுக்கும் ஜீப் பிடித்து வருவார்கள். தெரிந்த குடும்பம் என்றே இருந்துவிட்டேன். ஏன் வருகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மகளிடம் மறைக்க முடியவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அவரை நான் அண்ணான்னு கூப்பிடணுமாப்பா?" என்றாள்.

மறுநாள் வெள்ளனே கோயில் ஆபீசில் போய் நின்றேன். உபதேசியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. என் பூட்டன் பேரைக் கண்டுபிடித்தோம். அதற்கு மூன்று வரி கீழே அந்தப் பையனுடைய அப்பாவின் பூட்டன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். நான் புத்தகத்தை மூடப் போனேன்.

உபதேசியார் மட்டும் விரலை எடுக்காமல் பக்கத்தின் கடைசிவரை இறங்கினார். சிரித்துவிட்டார்.

"அண்ணே, இந்தப் பக்கத்துல எட்டுப் பேருக்கும் இவருதான் தகப்பனாரு. எட்டும் எளவட்டம், ஒரே வயசு. இது என்ன, பன்னி குட்டி போட்டாப்புல!"

பக்கத்தின் அடியில் இருந்த குறிப்பை அவர் வாசித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்து மலையேற்றிய சுமைக்காரர்கள் அவர்கள். வேதத்தில் சேர்ந்ததால் சொந்த வீட்டார் ஒதுக்கிவிட்டார்கள். சுமைக்காரர் தலைவரே எட்டுப் பேருக்கும் ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறார். எழுதினவர் அந்தப் பெயரையே தகப்பன் இடத்திலும் போட்டுவிட்டார்.

"அதுக்காக ரெண்டு பேரும் அண்ணன் தம்பி இல்லேன்னு ஆயிருமா?" என்றேன்.

"கல்யாணப் புத்தகத்துல பெத்தவங்க பேரு இருக்கும். பாத்துருவோமா?"

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "எடுங்க" என்றேன்.

என் பூட்டனின் தகப்பன் வெள்ளகவிக்காரர். இன்னொருவருடைய தகப்பன் பழனிக்குக் கீழே ஏதோ ஊர். தாய்மார் பெயரும் வேறு வேறு. உபதேசியாரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன்.

நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ரத்தம் இல்லையாக்கும்," என்றாள். "அப்ப இத்தன நாளு எதுக்குடா வந்தாக? ஒங்க அப்பன் சாவுக்குக் கொட்டுற மழையில வந்து நின்னாகளே."

"அதுதான் இனி சம்பந்தி ஆகுறாகளே, அத்தை."

"போடா. பங்காளி வெட்டிக்கிட்டுக் கெடந்தாலும் எழவு வீட்டுக்கு வந்துருவான். சம்பந்தி கோவிச்சா வருவானா?"

அதற்கு எந்தப் புத்தகத்தில் பார்ப்பது? போன் அடித்தது. மகள். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து மணிச் சத்தத்துக்கு நடுவே, "என்னப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"முறைதான்மா. கட்டிக்கலாம்," என்றேன்.

அவள் அழுதாளா, சிரித்தாளா தெரியவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.